மரியாதைக்கு ஒரு செடி

யூக்லீட் லோஸியே வாழ்நாளில் ஒரு தப்பும் செய்ததில்லை. சந்தேகமாக இருந்தால் அவரையே கேட்டுக்கொள்ளலாம். பட்டப்பகலில் படகை மணல்திட்டில் ஏற்றி, அடுத்த கடல் ஏற்றம் வரும்வரை ஒருக்களித்துக் கிடந்தாரே, அது மிதவையை நகர்த்தி வைத்தவன் தப்பு. மகள் கல்யாணத்துக்குப் பெண்ணின் அப்பாவே கடைசி ஆளாக வந்து சேர்ந்தாரே, அது கோயில் மணியின் தப்பு. சமையலறை அலமாரியை அவர் மாட்டிய மறுநாளே அது தட்டுகளோடு கீழே வந்ததற்கு, சுவர்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கடல்முனை ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இருபது வீட்டுக்கு இப்படி ஒரு ஆள் இருந்தால்தானே பொழுது போகும்!

வளைகுடாவில் நாற்பது வருஷம் சிங்கிறால் பிடித்த மனிதர். ஓங்குதாங்கான உடம்பு, படகு இயந்திரத்தையும் மீறிக் கேட்கும் குரல். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்ததும் படகை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? மனைவி ரொலாந்த் உருளைக்கிழங்கு துருவும் முறையிலிருந்து துணி காயப்போடும் முறை வரைக்கும் எல்லாவற்றையும் திருத்தப் புறப்பட்டார். இரண்டே மாதத்தில் ரொலாந்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "வெளிய போய் ஏதாவது பண்ணு யூக்லீட். எது வேணா பண்ணு. ஆனா வெளிய பண்ணு" என்று கதவைத் திறந்து விட்டாள்.

அந்த வருஷம்தான் வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. வெளியில் வளர்த்தால் சுற்றிலும் வேலி வேண்டும், பூட்டு வேண்டும். யூக்லீட் சிங்கிறால் பிடிக்கும் பழைய மரக்கூடுகளை உடைத்து, அந்த மரச்சட்டங்களால் வேலி அடித்தார். இரை மீன் சுமந்த வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பினார். மண்ணுக்கு அடியில் கடற்பாசியும் நொறுக்கிய சிங்கிறால் ஓடும் போட்டார். இதெல்லாம் அவராகவே கண்டுபிடித்தது. இதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.

முதல் வருஷம் விதை நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து வந்தது. ரொலாந்தின் தம்பி ஃபெர்னான் அங்கே ஒகனாகன் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். கோடை முழுக்க ஒரு தூறல் விழாத ஊர் அது. அக்டோபரில்கூடச் சட்டையைக் கழற்றிப் போட்டு நிற்கலாம். அந்த விதை இங்கே தளதளவென்று ஆளுயரம் வளர்ந்தது. ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் வந்தது, பூவைக் காணோம். அப்புறம் கடல்மூட்டம், அந்த ஈர மூடுபனி, வந்து உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே உறைபனி வந்து எல்லாவற்றையும் கருக்கிவிட்டது.

காரணம் இதுதான். அந்த உயரமான ஜாதி, இரவு நீளட்டும் என்று காத்திருந்து பூக்கும். மேற்கில் காத்திருக்கலாம், அவசரமில்லை. எங்கள் கரையில் இரவு நீளும்போது குளிர் வாசலில் நிற்கும். இன்னொரு ஜாதி இருக்கிறது. தானாகப் பூப்பது, குட்டை. அது பகலையும் பார்க்காது, இரவையும் பார்க்காது. முளைத்துச் சில வாரம் ஆனதும் தன் வயசுக்குத் தானே பூத்துவிடும். ஜூனில் போட்டால் மூட்டம் இறங்குவதற்குள் அறுத்து உத்தரத்தில் தொங்கவிட்டு விடலாம். ஒரே சங்கடம், அதை இடம் மாற்றி நட்டால் கோபித்துக்கொண்டு வளராமல் நின்றுவிடும். எந்த வாளியில் வளர வேண்டுமோ அதிலேயே விதைக்க வேண்டும். இரண்டாம் வருஷத்திலிருந்து யூக்லீட் கடையில் அந்தக் குட்டை விதையைத்தான் வாங்கினார். தினமும் காலையில் போய், ஈரம் தங்கி மொட்டு அழுகாமல் ஒவ்வொரு செடியையும் மெல்ல உலுக்கிவிட்டு வருவார். நன்றாகவே விளைந்தது. தெருவே அவரிடம் வந்து யோசனை கேட்டது. கேட்காதவர்களுக்கும் அவரே போய்ச் சொன்னார்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஞாயிறுதோறும் ஃபெர்னான் தொலைபேசியில் வந்து, வீடே கேட்கும்படி சீண்டுவான்.

"என்ன மாமா, உங்க செடி முழங்காலத் தாண்டிடுச்சா? கோழிக் குழம்புல கிள்ளிப் போடுற தழை மாதிரி இருக்கே! நான் இங்க ஏணி வச்சு ஏறுறேன்."

"உனக்கு மூட்டம்னா என்னன்னு தெரியுமாடா? வெயில்ல எவன் வேணா வளர்ப்பான்."

"சரி சரி, தழையப் பத்திரமாப் பாத்துக்குங்க. முயல் தின்னுடப் போகுது."

ரொலாந்த் சிரிப்பாள். யூக்லீட்டுக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. போன கோடையில் ஃபெர்னான் அனுப்பிய விதையில் ஒன்றை வேலி மூலையில் வளர்த்தார். அது ஆண் செடியாகப் போயிற்று. மற்றவர்களாக இருந்தால் பிடுங்கி எறிந்திருப்பார்கள். இவருக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது. அதன் மகரந்தத்தை வர்ணம் பூசும் தூரிகையால் எடுத்து, தன் குட்டைச் செடி ஒன்றின் கீழ்க்கிளைகளில் தடவினார். அப்பன் உயரம், அம்மா அவசரக்காரி. பிள்ளை உயரமாகவும் வளரும், சீக்கிரமாகவும் பூக்கும் என்பது கணக்கு. விதை பிடித்தது. கை நிறைய, வரி வரியாகக் கோடு போட்ட அழகான விதை. அதற்கு 'லோஸியே' என்று தன் பெயரையே வைத்தார். குளிர்காலம் முழுக்கப் படகுத்துறையிலும், சீட்டாட்டத்திலும், சவ அடக்கத்துக்குப் போன இடத்திலும் அதே பேச்சுத்தான். ஒரு வாளியில் ஒன்றை முளைக்கப் போட்டுச் சோதித்துப் பார்த்தாரா என்றால், இல்லை. அவர் விதையை அவரே சந்தேகப்படுவதா?

அடுத்து எக்ஸில்டாவைச் சொல்ல வேண்டும். எக்ஸில்டா மாலே, யூக்லீட் வீட்டுக்கு எதிர்வீடு. அவரைவிடப் பத்து வயசு மூத்தவள், தனியாள். நண்டு ஆலையில் பனித்தண்ணீரில் கைவிட்டு நண்டுச் சதை எடுத்தே ஆயுளைக் கழித்தவள். ரொலாந்துக்கு அங்கே வேலை கற்றுக்கொடுத்ததும் அவள்தான். இப்போது அவள் விரல்கள் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. புகைப்பதெல்லாம் கிடையாது. பூவைக் கொழுப்பிலும் தேன்மெழுகிலும் காய்ச்சி ஒரு களிம்பு செய்வாள். குளிர்காலத்தில் அதைத் தேய்த்துக்கொண்டுதான் சட்டைப் பொத்தானைப் போடுவாள், ரொட்டி மாவு பிசைவாள். களிம்பு எந்த மாதம் தீருகிறதோ அந்த மாதத்திலிருந்து பொத்தானில்லாத சட்டைதான்.

அவளும் செடி வளர்த்தாள். யாரிடமோ ஆரம்பத்தில் வாங்கிய குட்டை விதை. ஒவ்வொரு வருஷமும் மூட்டத்தில் அழுகாமல் தப்பித்த செடியிலிருந்து தானே விதை எடுத்து வைப்பாள். பார்க்க அசிங்கமான செடி. முட்டியளவுகூட வராது. ஆனால் ஒரு வருஷமும் அவளைக் கைவிட்டதில்லை.

மே மாதம் ஒரு காலை யூக்லீட் தன் விதையோடு அவள் சமையலறைக்குப் போனார்.

"எக்ஸில்டா, இந்த வருஷம் இதப் போடுங்க. நாலு வாளிலயும் இதத்தான் போடணும். உங்க குட்டச்சி நாலு கொடுக்குறத இது ஒண்ணே கொடுக்கும்."

"என்னுதே எனக்குப் போதும் யூக்லீட். பழகிடுச்சு."

"பழகிடுச்சு, பழகிடுச்சு! இப்படியே சொல்லிச் சொல்லித்தான் இந்த ஊரு உருப்படல. பாருங்க, அது செடியா? அத வேலி போட்டுப் பூட்டி வைக்கிறதே வெட்கக்கேடு."

எக்ஸில்டா சிரித்தாள். "நிச்சயமாச் சொல்றியா? சீக்கிரம் பூத்துடுமா? மூட்டத்துக்கு முன்னாடி?"

"என் பேரையே வச்சிருக்கேன் அதுக்கு. அப்புறம் என்ன?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அவளுடைய விதை அத்தனையும் அதில்தான். மூடியைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இதக் கொஞ்சம் தொறந்து குடு. ஒரு பிடியாவது எடுத்து வைக்கலாம்" என்றாள்.

யூக்லீட் மூடியைத் திறந்தார். திறந்தவர் அவள் கையில் கொடுத்திருக்கக் கூடாதா? கொடுக்கவில்லை. ஜன்னலைத் தள்ளி, வெளியே தொங்கிய குருவித் தட்டில் டப்பாவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். "எடுத்து வச்சா அதத்தான் போடுவீங்க. எனக்குத் தெரியும் உங்கள" என்றார், ஏதோ பெரிய உபகாரம் பண்ணியதுபோல. மறு நிமிஷமே குருவிகள் வந்துவிட்டன. எக்ஸில்டா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று காப்பி போடத் திரும்பினாள். யூக்லீட்டிடம் அந்த வாக்கியத்தை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அவருக்கு இரண்டு நாள் தலைகால் புரியவில்லை.

தெருவில் எல்லா வீட்டுக்கும் விதை கொடுத்தார். எல்லோரும் ஆகா ஓகோ என்று வாங்கிக்கொண்டார்கள். ஜூன் பிறந்து இரவுக் குளிர் விட்டதும் விதைத்தார்கள். யூக்லீட் தன் வேலிக்குள் தன் விதை இரண்டு போட்டார். மிச்ச இரண்டு வாளியில் கடையில் வாங்கிய குட்டை விதையைப் போட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அப்போது கேட்டிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க என்று சொல்லியிருப்பார். தனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டார்.

ஜூலை முதல் ஞாயிறு ஃபெர்னான் பேசினான். யூக்லீட் பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் அளந்துவிட்டார். அப்புறம் ஃபெர்னான் கேட்டான்:

"மாமா, இது முதல் தலைமுறை விதைதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அய்யோ மாமா! முதல் தலைமுறைல ஒண்ணுகூடத் தானாப் பூக்காது. எல்லாம் அப்பன் மாதிரி இருட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கும். அதுங்கள ஒண்ணோட ஒண்ணு சேத்து, அதுல வர்ற பிள்ளைங்கள்ல நாலுல ஒண்ணு வேணா தானாப் பூக்கும். இது இங்க சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியுமே. யாருக்கும் குடுத்துடலையே?"

யூக்லீட், "கொடுப்பேனா? எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி வைத்துவிட்டார். காது சுட்டது. வேலிக்குள் போய்ப் பார்த்தார். கடைச் செடி இரண்டிலும் கணுவுக்குக் கணு வெள்ளை இழை எட்டிப் பார்த்தது. அவர் பெயர் வைத்த இரண்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன, பூவின் நினைப்பே இல்லாமல். அவை யாரைப் பார்த்து வளர்கின்றன என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஃபெர்னானுடைய ஜாதி.

ரொலாந்த் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எக்ஸில்டா நாலும் உன்னுதுதான் போட்டிருக்கா" என்றாள்.

"தெரியும்."

"கடை விதை இன்னும் மிச்சம் இருக்குல்ல? இப்பவே கொண்டுபோய்க் குடு. இன்னைக்கு விதைச்சாக்கூட செப்டம்பர் கடைசில ஏதோ கொஞ்சம் கைக்கு வரும். இன்னும் பத்து நாள் போனா அதுவும் வராது."

"நீ போய்ச் சொல்லேன்."

ரொலாந்த் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள். "நாப்பது வருஷமா உனக்காக இந்த ஊர்ல நான்தான் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு வரேன். சம்பந்தி வீட்டுல, பாதிரியார்கிட்ட, பக்கத்து வீட்டு டூகேயோட நாய்கிட்டகூட. இது ஒண்ணுக்கு நீயே கேளு. தெருவ மட்டும்தான் தாண்டணும்."

மனிதர் விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினார். எக்ஸில்டா வேலிக்குள் நின்றிருந்தாள். செடிகள் அதற்குள் அவள் இடுப்பைத் தொடப் பார்த்தன.

"வா வா! இங்க பாரேன் இதுங்கள! நான் என்னமோ தத்தெடுத்த மாதிரி இருக்கு. இப்படி உசரமா என் வீட்டுல எதுவும் வளர்ந்ததில்ல யூக்லீட். காலைல வந்து இதுங்களோட பேசுறேன், தெரியுமா? பைத்தியம்னு நெனைப்பாங்க."

யூக்லீட்டின் கை சட்டைப் பைக்குள் போயிற்று. "தண்ணி... தண்ணி அதிகமா விடாதீங்க" என்றார்.

"நீ சொன்னா சரி" என்று அவள் பூவாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டார். மூன்று நாள் கழித்து மறுபடி போனார். அவள் உட்காரவைத்துக் கோழிக் குழம்பு ஊற்றினாள், மாவு உருண்டை இரண்டு கூடவே போட்டாள். ஒரு தட்டு தின்றார். 'சொல்லிவிடு, சொல்லிவிடு' என்று மனசு அடித்துக்கொண்டது. இரண்டாம் தட்டும் தின்றார். விதையைச் சட்டைப் பையிலேயே சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். புயலில் அலை படகுக்கு மேலே எழும்பி நின்றபோது பயப்படாத ஆள் அவர். ஒரு கிழவியின் சந்தோஷத்தைக் கெடுக்கத் தைரியம் வரவில்லை என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். பொய். தன் பெயரைக் கெடுக்கத்தான் தைரியம் வரவில்லை. அது அவருக்கே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அடுத்த வாரம் முழுக்க எதிர்வீட்டுப் பக்கம் போகாமல் பின்கதவு வழியாக வந்து போனார். ரொலாந்த் சாப்பாட்டை மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது. அவள் சொன்ன பத்து நாள் போயிற்று. கோடை தன்பாட்டுக்கு நகர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் பதினைந்து, ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து விரட்டப்பட்டுத் திரும்பி வந்த எங்கள் ஜனங்களின் நாள். சாயங்காலம் சட்டி, பானை, தகரம், கொம்பு என்று எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு ஊரே தெருவில் இறங்கும். நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று உலகத்துக்குக் காது கிழியச் சொல்லும். எக்ஸில்டா விரலால் கரண்டியைப் பிடிக்க முடியாதவள். மணிக்கட்டில் துணியால் கரண்டியைக் கட்டிக்கொண்டு அடித்தாள். எங்கள் தெருவில் இப்போது இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. ஊர்வலம் முடிந்து திரும்பும்போது ஒவ்வொரு வீட்டு வேலிப் பூட்டையும் திறந்து, யார் செடி எப்படி என்று பார்த்துக் கேலி பண்ணிக்கொண்டே போவோம்.

யூக்லீட் தலைவலி என்று நழுவப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஸோவேல் டூகே விடுவானா? சின்ன வயசிலிருந்தே அவரோடு படகில் போனவன். தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனான்.

முதலில் ஸோவேல் வீட்டு வேலி. மூன்று குட்டைச் செடிகள் காய்ச்சல்காரன் மாதிரி பிசின் வியர்த்து, பூப்பாரம் தாங்காமல் சாய்ந்து நின்றன. மூலையில் ஓர் உயரச் செடி, பச்சைப் பசேலென்று. பூ இல்லை. அடுத்த வீட்டிலும் அதேபோல மூன்றும் ஒன்றும். அதற்கடுத்த வீட்டிலும் மூன்றும் ஒன்றும்.

யூக்லீட்டுக்குப் புரிய நேரம் பிடித்தது. "எல்லாரும்... என்னுதுல ஒண்ணுதான் போட்டீங்களா?"

ஸோவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பின்ன என்னய்யா? ஒண்ணு உன் மரியாதைக்கு. மூணு எங்க குளிர்காலத்துக்கு. உன்ன எங்களுக்குத் தெரியாதா? உன் பேச்சக் கேட்டு நாலையும் போட எவனுக்குய்யா தைரியம் இருக்கு?"

தெருவே சிரித்தது. சட்டி பானைகளை இன்னொரு முறை தட்டினார்கள். யூக்லீட்டுக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. நல்ல வேளை, யாருக்கும் நஷ்டமில்லை! சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும். அவரும் சேர்ந்து சிரிக்க வாயைத் திறந்தார். அப்போதுதான் கூட்டம் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பியது.

எக்ஸில்டா கழுத்தில் மாட்டியிருந்த சாவியை எடுத்து ஸோவேலிடம் கொடுத்தாள். அவன் திறந்தான். நாலு செடி. நாலும் வேலிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு, நாலும் ஒரு பூவில்லாமல்.

சிரிப்பு அப்படியே நின்றது. ஸோவேல் கையிலிருந்த தகரத்தைச் சத்தம் எழாதபடி காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "எக்ஸில்டா, உங்க பழசு ஒண்ணுகூடப் போடலயா?" என்று கேட்டான்.

"எதுக்கு? யூக்லீட் நாலும் இதுதான்னு சொன்னான்." அவள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளும் தெருவெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். மூன்றும் ஒன்றும் அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கரண்டி கட்டிய கையைத் தூக்கி, "இப்ப என்ன? இந்த வருஷம் மூட்டம் ஜாஸ்தி. வெயிலே இல்ல. அதுக்கு அவன் என்ன பண்ணுவான்? மூட்டத்துக்கும் அவன்தான் பொறுப்பா?" என்று சண்டைக்கு நிற்பதுபோலச் சொன்னாள்.

அந்த வருஷம் மூட்டம் குறைவு. எல்லோருக்கும் தெரியும். அவருக்காக ரொலாந்தைத் தவிர வேறு ஒருவர் சாக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை. அங்கேயே, எல்லோர் முன்னாலும், 'மூட்டம் இல்ல, நான்தான்' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். யூக்லீட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமா, மூட்டம்" என்று யாரோ முனகினார்கள். கூட்டம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அதில் யாரும் அவர் தோளில் கை போடவில்லை. அவர் வேலிக்குள்ளும் இரண்டு குட்டைச் செடி பூத்துக் குலுங்குவது ஞாபகம் வந்து, முழங்காலை நொண்டிக்கொண்டே கூட்டத்துக்கு முன்னால் ஓடி, "சாவியத் தொலைச்சுட்டேன்" என்று வாசலில் மறித்துக்கொண்டார். சாவி அவர் பையில் இருந்தது.

செப்டம்பரில் அவள் செடிகளுக்கு ஒருவழியாகப் புத்தி வந்தது. நுனியில் வெள்ளை இழை விட்டன. எக்ஸில்டா தினமும் காலையில் போய், விரலால் முடியாததால் முழங்கையால் ஒவ்வொரு செடியையும் உலுக்கினாள். யூக்லீட் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். அப்புறம் மூட்டம் நிஜமாகவே வந்தது. ஒரு வாரம் தெரு விளக்கே தெரியவில்லை. இழை விட்ட நுனியெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்துக் கொழகொழத்தது. மிச்சத்தை உறைபனி முடித்தது. தெருவில் ஆளுக்கு ஒரு கைப்பிடி பூ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "உங்க வீட்டுக்கே வேணும், வச்சுக்குங்க" என்று அவள் யாரிடமும் வாங்கவில்லை. வாங்கிப் பழகாதவள். ஒரு காலை அவளே நாலு செடியையும் கயிறு கட்டித் தோளில் இழுத்துப் பிடுங்கிப் போட்டாள்.

அந்தக் குளிர் தொடங்கிய பிறகு எக்ஸில்டா சட்டைக்குப் பொத்தான் போட்டு யாரும் பார்க்கவில்லை. அக்டோபரிலேயே ஒரு பழைய மீன்பிடிக் கோட்டைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு வந்தாள். கோயிலில் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் பக்கத்தில் நின்ற ரொலாந்த் புரட்டிக் கொடுத்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் ரொலாந்த் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். "நானாவது போய்ச் சொல்லியிருக்கணும். உனக்குப் பாடம் கத்துக்குடுக்கப் போய் அவளக் கைவிட்டுட்டேன்" என்றாள். யூக்லீட்டுக்கு அதற்குமேல் வீட்டில் உட்கார முடியவில்லை.

தன் இரண்டு செடியின் பூவையும் உலர்த்திக் கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருந்தார். ஒன்றுகூட அவர் தொடவில்லை; தொட மனசு வரவில்லை. ஜாடியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பட்டப்பகலில், முன்கதவு வழியாகவே தெருவைத் தாண்டினார்.

எக்ஸில்டா அடுப்புப் பக்கத்தில் கைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே குருவித் தட்டு காலியாக ஆடியது. அவர் ஜாடியை மேஜையில் வைத்தார்.

"களிம்புக்கு" என்றார்.

அவள் ஜாடியைப் பார்த்தாள். குட்டைச் செடியின் பூ எது, உயரச் செடியின் பூ எது என்று தெரியாதவளா அவள்?

"இது உன் விதை இல்லையே."

"இல்ல. கடைல வாங்குனது."

"நீயும் ரெண்டு ஜாதி போட்டியா?"

"ரெண்டு அதுல, ரெண்டு இதுல."

எக்ஸில்டா தலையை ஆட்டினாள். தெருவிலிருந்தவர்கள் ஒன்று போட்டார்கள். விதைக்குச் சொந்தக்காரனே இரண்டுதான் போட்டிருக்கிறான். நாலும் போட்டவள் தான் ஒருத்திதான் என்று அவள் கணக்குப் போட்டு முடிப்பதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வெட்கம் என்றால் என்னவென்று அறுபத்தோரு வயசில் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. காதிலிருந்து கால் வரைக்கும் எரிந்தது.

"மூட்டம் இல்ல எக்ஸில்டா. நான்தான்" என்றார். "விதையே தப்பு. அது பூக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. ஆகஸ்டில் என்று சொல்லியிருக்கலாம். செப்டம்பர் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"ஜூலைல. மொதல் வாரம். மாத்தி விதைக்க நேரம் இருந்துச்சு. விதையச் சட்டப் பைல வச்சுக்கிட்டுத்தான் அன்னைக்கு வந்தேன். உங்க கையால ரெண்டு தட்டு தின்னுட்டுத் திரும்பிப் போனேன்."

அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். ஒரு அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அறைகிற கையா அது? அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. அவள் மெதுவாக எழுந்தாள். அலமாரியிலிருந்து கொழுப்பையும் மெழுகையும் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கி எடுத்து வந்து வைத்தாள். பாத்திரத்தை முழங்கையால் அடுப்பின் மேல் தள்ளினாள். பிறகு ஜாடியை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"தொறந்து குடு" என்றாள். "இந்தத் தடவ என் கைல குடு."